நியோடிமியம் வைத்த பேஸ் பிக்கப்: காந்தம் வேறு, மையம் வேறு

விலை குறைந்த ஒரு பேஸ் கிதாரின் பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகத்தைக் கழற்றி, அதிலிருந்த கறுப்பு ஃபெரைட் காந்தங்களை எடுத்துவிட்டு நியோடிமியம் காந்தம் வைத்துப் பார்த்த வேலையின் பதிவு இது. "சக்தி வாய்ந்த காந்தம் போட்டால் சத்தம் கூடுமா?" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. கூடும். ஆனால் நியோடிமியம் போன்ற அருமண் காந்தத்தின் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது என்பது இந்த வேலையில் எனக்குத் தெளிவாயிற்று.

முதலில் பிக்கப் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காந்தம், மேலே இருக்கும் இரும்புத் தந்தியைக் காந்தமாக்குகிறது. காந்தமாகிவிட்ட தந்தி அதிரும்போது காயிலுக்குள், அதாவது கம்பிச் சுருளுக்குள், போகும் காந்தப்பாயம் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் காயிலில் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. தந்தி இருக்கும் இடத்தில் காந்தப்புலம் இரண்டு மடங்கானால் சிக்னலும் ஏறத்தாழ இரண்டு மடங்கு, அதாவது 6 டெசிபெல் கூடுதல். காந்தத்தின் பங்கு இவ்வளவே. ஒலியின் நிறத்தைத் தீர்மானிப்பது காயிலின் இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்டம் மாறுவதை அது எதிர்க்கும் தன்மை. காயிலின் நடுவே என்ன உலோகம் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும்.

என் கையில் இருந்தது இரண்டாகப் பிரிந்த பிரிசிஷன் வகைப் பிக்கப். அமெரிக்கக் கிதார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் ஒற்றைக் காயில்தான் இருந்தது. 1957-ல் அதை இரண்டு துண்டாக்கினார்கள்: ஒரு துண்டு E, A தந்திகளுக்கு, மற்றது D, G தந்திகளுக்கு. தந்திக்கு இரண்டு 'போல்' (pole, தந்திக்கு அடியில் நிற்கும் உலோகத் தண்டு) வீதம் ஒவ்வொரு துண்டிலும் நான்கு. ஃபெண்டரின் பிக்கப்பில் அந்தப் போல்களே அல்னிக்கோ காந்தங்கள். விலை குறைந்த பிக்கப்புகள் பலவற்றில் போல்கள் வெறும் இரும்புத் தண்டுகளாக இருக்கும், அடியில் ஒரு ஃபெரைட் கட்டை ஒட்டியிருக்கும். என்னுடையது இந்த இரண்டாம் வகை.

இதைக் கவனிக்காமல் யாரும் வேலையைத் தொடங்கிவிடக் கூடாது. பழைய பாணி அல்னிக்கோ பிக்கப்பில் மேலும் கீழும் இரண்டு ஃபைபர் தகடுகள், நடுவே காந்தத் தண்டுகள். அந்தத் தண்டுகளின் மேலேயே கம்பியைச் சுற்றியிருப்பார்கள். தண்டை வெளியே தள்ளினால் உள்சுற்றுக் கம்பி அறுந்து காயில் செத்துப்போகும். பிளாஸ்டிக் பாபின் (கம்பியைச் சுற்றும் சட்டம்) உள்ள பிக்கப்பில் மட்டுமே போலைத் தள்ளி எடுத்து வேறொன்றைப் போட முடியும். சுற்றியிருப்பது பெரும்பாலும் 42-ஆம் கேஜ் கம்பி, தடிமன் சுமார் 0.06 மி.மீ. தலைமுடியைவிடப் பெரிதாகத் தடித்ததல்ல.

கழற்றும் முன் எடுத்த அளவுகள்: இரண்டு துண்டுகளும் தொடரிணைப்பில் 10.5 கிலோ ஓம், இண்டக்டன்ஸ் 6.4 ஹென்றி. பிக்கப்பின் மேல்முகத்திலிருந்து 4 மி.மீ. உயரத்தில், அதாவது தந்தி இருக்கும் இடத்தில், புலம் சுமார் 70 காஸ் (காந்தப்புலத்தின் அலகு). புலத்தை அளக்க விலை உயர்ந்த காஸ் மீட்டர் தேவையில்லை. 49E என்ற ஹால் சென்சர் சென்னை ரிச்சி தெருவில் சில்லறை விலைக்குக் கிடைக்கிறது. 5 வோல்ட் கொடுத்தால் காந்தம் இல்லாத இடத்தில் 2.5 வோல்ட் காட்டும். அதன்பின் ஒரு காஸுக்கு ஏறத்தாழ 1.4 மில்லிவோல்ட் ஏறும் அல்லது இறங்கும். ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும். ஆயிரம் காஸைத் தாண்டினால் சென்சர் நிறைந்து நின்றுவிடும். அதனால் நியோடிமியத்தின் முகத்தில் நேராக வைத்து அளக்க முடியாது, 4 மி.மீ. பிளாஸ்டிக் துண்டு ஒன்றை இடையில் வைத்து எல்லா அளவையும் அதே உயரத்தில் எடுத்தேன்.

இப்போது காந்தங்களைப் பற்றி. அல்னிக்கோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு சேர்ந்த கலவை. அல்னிக்கோ 5 என்ற வகையின் எஞ்சு காந்தப்புலம் 1.2 டெஸ்லாவுக்கு (12,000 காஸுக்கு) மேல். நியோடிமியத்தில் N35 என்ற தரத்தின் அளவும் கிட்டத்தட்ட அதுவே. இது பலருக்கு வியப்பாக இருக்கும். வித்தியாசம் பிடிவாதத்தில் இருக்கிறது. அல்னிக்கோ தன் சொந்தப் புலத்தாலேயே தன் காந்தத்தன்மையை இழக்கக்கூடியது. குட்டையாக வெட்டினால் அந்த இழப்பு கூடும். அதனால்தான் அதை நீண்ட மெல்லிய தண்டாகவே வைக்க வேண்டியிருக்கிறது; அப்படி வைத்தும் பிக்கப் போலின் முகத்தில் சுமார் ஆயிரம் காஸ்தான் கிடைக்கிறது. நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தம் 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் சுமிட்டோமோ ஸ்பெஷல் மெட்டல்ஸில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் குரோட்டும் தனித்தனியே கண்டது. 2 மி.மீ. தகடாக வெட்டினாலும் அதன் காந்தத்தன்மை அப்படியே நிற்கும். (நியோடிமியம் இருக்கும் மோனசைட் மணல் நம் மணவாளக்குறிச்சிக் கரையிலேயே எடுக்கப்படுகிறது. கையில் அந்தச் சிறு வில்லையை வைத்திருக்கும்போது எனக்கு அது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.)

முதல் சோதனை: இரும்புப் போல்களை எடுத்துவிட்டு, அந்தத் துளைகளில் 5 மி.மீ. விட்டம், 15 மி.மீ. நீளமுள்ள N35 தண்டுகளை நேரடியாகப் போட்டுப் பார்த்தேன். கணக்குப்படி 4 மி.மீ. உயரத்தில் சுமார் 860 காஸ் வர வேண்டும், சென்சரும் அதை ஒட்டியே காட்டியது. அதே இடத்தில் ஒரு நல்ல அல்னிக்கோ தண்டு தருவது 150 காஸ் அளவு. சத்தம் மிகவும் கூடியது, ஆம்ப்பின் உள்ளீடு உடனே கரகரத்தது. ஆனால் வாசிக்க முடியவில்லை. E தந்தியில் 12-ஆம் ஃபிரெட்டுக்கு மேல் எந்தச் சுரத்தைப் பிடித்தாலும் அலைந்தது. டியூனர் ஒரு நிலையில் நிற்கவே இல்லை.

காரணம் எளிது. தந்தி மேலும் கீழுமாகவும் அதிர்கிறது, பக்கவாட்டிலும் அதிர்கிறது. காந்தம் கீழ்நோக்கி இழுப்பதால் மேல்கீழ் அதிர்வின் அதிர்வெண் மட்டும் சற்றுக் குறைகிறது, பக்கவாட்டு அதிர்வு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. நெருங்கிய இரண்டு சுரங்கள் ஒரே தந்தியிலிருந்து ஒலிப்பதால் அலைவு கேட்கிறது. இழுக்கும் விசை புலத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. 150 காஸிலிருந்து 860-க்குப் போனால் சிக்னல் ஐந்தரை மடங்குக்கு மேல் கூடுகிறது, இழுப்போ முப்பது மடங்கைத் தாண்டுகிறது. பேஸ் தந்தி ஒவ்வொன்றும் 15 முதல் 20 கிலோ வரை இழுவிசையில் நிற்பதால் சாதாரணக் கிதாரைவிட அதிகம் தாங்கும். இந்த அளவை அதுவும் தாங்காது.

ஆனால் அந்தச் சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. இண்டக்டன்ஸ் 6.4-இலிருந்து 4.2 ஹென்றிக்கு இறங்கியிருந்தது. காயில் மாறவில்லை, சுற்றுகள் மாறவில்லை, நடுவில் இருந்த உலோகம் மட்டுமே மாறியது. இரும்பு காந்தப்பாயத்தை எளிதாகத் தன் வழியே விடும். காயிலுக்குள் இருந்தால் இண்டக்டன்ஸை உயர்த்தும். நியோடிமியம் அந்த வகையில் ஏறக்குறைய காற்றைப் போன்றது, அதன் ஊடுதிறன் 1.05 அளவே. அல்னிக்கோ இரண்டுக்கும் இடையில். பிக்கப்பின் இண்டக்டன்ஸும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மேடு எழுப்பும், அதற்கு மேல் ஒலி சரியும். காயிலும் கேபிளும் சேர்ந்து 600 பைக்கோ ஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 6.4 ஹென்றிக்கு அந்த மேடு சுமார் 2,570 ஹெர்ட்ஸில் வரும், 4.2 ஹென்றிக்கு 3,170-இல். விரல் தந்தியை விடும் ஓசை, ஃபிரெட்டில் படும் சொடுக்கு எல்லாம் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. காதுக்கு இது பெரிய மாற்றம்.

இங்கேதான் அருமண் காந்தத்தின் மதிப்பு எனக்குப் புரிந்தது. அல்னிக்கோ தண்டு இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்கிறது: தந்தியைக் காந்தமாக்குவதும் அதுவே, காயிலின் மையமாக நின்று நிறத்தைத் தீர்மானிப்பதும் அதுவே. ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும். நியோடிமியத்தில் புலத்துக்கு ஒரு சிறு வில்லை போதும். மீதித் துளை முழுவதும் நம் கையில்: காற்றாக விடலாம், இரும்பு வைக்கலாம், பாதி வைக்கலாம். இரண்டு வேலைகளும் பிரிந்துவிடுகின்றன.

அடுத்து 5 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன் உள்ள வில்லைகள். 15 மி.மீ. தண்டு 860 காஸ் தந்த அதே 4 மி.மீ. தொலைவில் இந்த மெல்லிய வில்லை 450 காஸ் தருகிறது. ஏழில் ஒரு பங்கு காந்தம், பாதிக்கு மேல் புலம். அதுவும் நமக்கு அதிகம். வில்லையைத் துளைக்குள் இரண்டரை மில்லிமீட்டர் கீழே இறக்கினேன். தந்தியிலிருந்து ஆறரை மில்லிமீட்டர். புலம் 150 காஸை ஒட்டி வந்தது. சுர அலைவு மறைந்துவிட்டது. துளையின் மேல்பக்கத்தைக் கறுப்பு பிளாஸ்டிக் குச்சித் துண்டால் அடைத்தேன்.

இந்த நிலையில் ஒலி மிகத் தெளிவு. E தந்தியைத் திறந்து வாசித்தால் 41 ஹெர்ட்ஸ் அடிச்சுரத்தின் மேல் அதன் மேற்சுரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும். பிக் வைத்து வாசிப்பவருக்கும் ஸ்லாப் வாசிப்பவருக்கும் இதுவே போதும் என்று நினைக்கிறேன். எனக்கு நடு அலைவரிசையில் கொஞ்சம் கனம் குறைவாகப் பட்டது. டோன் பொத்தானைக் குறைத்தால் மேல்பக்கம் மங்குகிறதே தவிர, அந்தக் கனம் வரவில்லை.

மாறாக, பழைய இரும்புத் தண்டுகளைத் திரும்பப் போட்டு அடியில் மட்டும் வில்லையை ஒட்ட வைத்தால் 6.4 ஹென்றி திரும்ப வருகிறது, ஃபெரைட்டைவிட வலுவான புலத்தோடு. தடித்த, வட்டமான ஒலி. புலம் அதிகமாகப் பட்டால் தண்டுக்கும் வில்லைக்கும் இடையில் விசிட்டிங் கார்டு அட்டையை வெட்டி வைக்கலாம். ஒவ்வொரு அட்டைக்கும் புலம் இறங்குவதை சென்சரில் பார்க்கலாம். வாங்கியபடியே இருக்கும் பிக்கப்பை அதிகம் கிளறாமல் கொஞ்சம் உயிர் கொடுக்க நினைப்பவருக்கு இது மிக எளிய வழி.

இரண்டுக்கும் நடுவே ஓர் ஒலி வேண்டும் என்று, E-A துண்டில் காற்று மையமும் D-G துண்டில் இரும்பு மையமும் வைத்துப் பார்த்தேன். தடித்த தந்திகளுக்குத் தெளிவு, மெல்லிய தந்திகளுக்குக் கனம் என்பது எண்ணம். உண்மையில் நடப்பது வேறு. இரண்டு துண்டுகளும் தொடரிணைப்பில் இருப்பதால் மின்சுற்றுக்குத் தெரிவது கூட்டுத்தொகை மட்டுமே: 2.1-உம் 3.2-உம் சேர்ந்து 5.3 ஹென்றி. மேடு சுமார் 2,820 ஹெர்ட்ஸில், நான்கு தந்திகளுக்கும் அதே இடத்தில். நிறம் நான் தேடியதுதான். அல்னிக்கோவை ஒட்டிய, ஆனால் இன்னும் சற்றுத் தெளிவான ஒலி. கூடவே ஒரு ஹம்மும் வந்தது.

பிரிந்த பிக்கப்பின் அழகே ஹம்மை அழிப்பதில் இருக்கிறது. ஒரு துண்டு மற்றதற்கு எதிர்த்திசையில் இணைக்கப்பட்டிருக்கும். மின்கம்பியிலிருந்தும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும் வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இரண்டிலும் சம அளவில் ஏறி, எதிரெதிராய் நின்று அழிந்துவிடும். ஒன்றில் இரும்பும் மற்றதில் காற்றும் இருந்தால் இரும்பு உள்ள துண்டு இரைச்சலை அதிகம் இழுத்துக்கொள்கிறது. சமன் கெட்டு மிச்சம் ஒலிக்கிறது. ஆம்ப்பின் அருகே போனால் நன்றாகவே கேட்டது. ஆக, இரண்டு துண்டுகளிலும் மையம் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும்.

இறுதி அமைப்பு இப்படி. இரும்புத் தண்டுகளைப் பாதியாக அறுத்தேன். ஒவ்வொரு துளையிலும் கீழ்ப்பாதியில் குட்டை இரும்பு, அதன் தலையில் வில்லைக் காந்தம், அதற்கு மேல் பிளாஸ்டிக் அடைப்பு. இரும்பு அடியில் இருப்பதால் வில்லையின் புலமும் கொஞ்சம் கூடுகிறது. அதனால் வில்லையை 3 மி.மீ. வரை ஆழத்தில் இறக்கினேன். மொத்த இண்டக்டன்ஸ் 5.2 ஹென்றி. ஹம் அழிந்தது, நிறம் நின்றது. வில்லை இரும்போடு தானே ஒட்டி நிற்பதால் பொருத்துவதும் எளிதானது. வெறும் துளையில் வில்லை வைக்கும்போது, பக்கத்துத் துளையில் இருக்கும் வில்லை அதைத் தள்ளிப் புரட்டிவிடப் பார்க்கும். ஒன்றுவிட்டு ஒன்றாக அரால்டைட் வைத்து இறுகிய பிறகே மற்றவற்றை வைக்க முடிந்தது.

துருவத்தைக் குறித்துவைக்காமல் எதையும் ஒட்டாதீர்கள். ஒரு துண்டின் காந்தங்கள் எல்லாம் வடக்கு மேலே என்றால் மற்றதில் தெற்கு மேலே இருக்க வேண்டும். இந்தப் பிக்கப்பில் ஒவ்வொரு தந்தியும் ஒரே ஒரு துண்டின் மேல்தான் ஓடுகிறது. அதனால் துருவம் மாறிப்போனாலும் ஹம் அழிவது நிற்காது, தனிச்சுரமாக வாசித்தால் குறையும் தெரியாது. E-A சிக்னலும் D-G சிக்னலும் எதிரெதிர் கட்டத்தில் இருக்கும், அவ்வளவே. இன்னொரு பிக்கப்போடு சேர்த்து வாசிக்கும்போதுதான் இரண்டு தந்திகள் மட்டும் மெலிந்து ஒல்லியாகக் கேட்கும். ஒரு சாதாரணத் திசைகாட்டி போதும்: ஊசியின் வடமுனை எந்த முகத்தை நோக்கித் திரும்புகிறதோ அது காந்தத்தின் தெற்கு. மார்க்கரால் புள்ளி வைத்துவிடலாம்.

சூடு பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரணத் தர நியோடிமியத்துக்கு 80 டிகிரி செல்சியஸ் வரைதான் அனுமதி. மெல்லிய வில்லைகள் அதற்கு முன்பே கொஞ்சம் இழக்கலாம். மைக்ரோஃபோன் போல் கிறீச்சிடாமல் இருக்க பிக்கப்பை மெழுகில் முக்குவது வழக்கம். பாரஃபின் மெழுகோடு கொஞ்சம் தேன்மெழுகு சேர்த்து 65 டிகிரியை ஒட்டி வைப்பார்கள். அந்த வேலையைக் காந்தம் இல்லாமல் முடித்துவிட்டு, பிறகு காந்தம் வைப்பது நல்லது. சால்டரிங்கும் அப்படியே. அல்னிக்கோவோடு பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். அது பல நூறு டிகிரி தாங்கும். சூடும் துருவும் பெரிய கவலை என்றால் சமேரியம் கோபால்ட் என்ற மற்றொரு அருமண் காந்தம் இருக்கிறது. ஃபெண்டர் நிறுவனம் 2000-களில் அதை வைத்தே ஹம் இல்லாத பிக்கப்புகள் செய்தது. விலை கூடுதல், உடையும் தன்மையும் கூடுதல்.

நியோடிமியத்தின் மேல் பளபளக்கும் நிக்கல் பூச்சு அழகுக்காக இல்லை. அது பெயர்ந்தால் உள்ளே இருப்பது ஈரக்காற்றில் பொடிந்து உதிரும். கடலோர ஊர்களில் இது விரைவாகவே நடக்கும். இரண்டு வில்லைகளைக் கைவிட்டு மோதவிட்டால் ஓரம் சில்லாகத் தெறித்துப் பூச்சு போய்விடும், தெறிப்பது கண்ணிலும் படலாம். நான் எல்லா வில்லைகளையும் வைத்து முடித்த பிறகு மேலே மெல்லிய எப்பாக்ஸி ஒரு பூச்சு கொடுத்து மூடினேன்.

மர மேசையில், மூங்கில் குச்சியும் பித்தளைக் கம்பியும் கொண்டு வேலை செய்யுங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவர் கையிலிருந்து பாய்ந்து காயிலில் குத்தினால் அந்த முடி போன்ற கம்பி போய்விடும். தண்டு அறுக்கும் இடம் காந்தம் இருக்கும் அறையிலேயே வேண்டாம். இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டால் துடைத்து எடுக்க முடியாது. ஒட்டும் டேப்பை அழுத்தி அழுத்தித்தான் உரிக்க வேண்டும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் வில்லைகளை எண்ணி வைத்து, எண்ணி எடுங்கள். இரண்டை விழுங்கினால் அவை குடலின் மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று பற்றிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம்.

பொருத்தும்போது ஒரு சிறு மாற்றம் செய்தேன். பிக்கப்பின் உயரத்தை ஏற்றி இறக்கும் திருகுகளைச் சுற்றி இருந்த இரும்புச் சுருள்வில்களை எடுத்துவிட்டு, அடியில் ஃபோம் துண்டு வைத்தேன். சுருள்வில் ஓரத்து வில்லைகளின் புலத்தை இழுத்துக்கொள்வது சென்சரில் தெரிந்தது. சிறிய அளவுதான், ஆனாலும் E-யும் G-யும் நடுத் தந்திகளைவிடச் சற்றுக் குறைந்து நின்றன. ஃபோம் வைத்தபின் நான்கும் ஒத்துவந்தன. ஒலியளவு, டோன் பொத்தான்களின் பொட்டன்ஷியோமீட்டர் இரண்டும் 250 கிலோ ஓம், டோன் கெப்பாசிட்டர் 0.047 மைக்ரோ ஃபாரட், இவற்றைத் தொடவில்லை. 500 கிலோ ஓம் போட்டால் அந்த மேடு இன்னும் கூர்மையாக எழும். தட்டைச் சுற்றுத் தந்தி போடுபவர்களுக்கு அது பிடிக்கலாம். வட்டச் சுற்றுத் தந்தியில் எனக்கு 250 போதுமானதாக இருக்கிறது.

ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஜாஸ் பேஸின் பிக்கப்பில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு: அங்கே ஒவ்வொரு பிக்கப்பும் முழு ஒற்றைக் காயில், ஹம் அழிவது இரண்டு பிக்கப்புகளையும் சம அளவில் திறந்து வைக்கும்போதுதான். அதனால் ஒன்றில் மட்டும் மையத்தை மாற்றினால் நான் மேலே சொன்ன அதே சமன்கேடு வரும். இரண்டிலும் ஒரே நீள இரும்பு, ஒரே ஆழத்தில் வில்லை வைத்துத் தொடங்குங்கள். பாலத்தை (உடற்பக்கம் தந்திகள் வந்து முடியும் இடத்தை) ஒட்டிய பிக்கப்பில் தந்தியின் வீச்சு குறைவு என்பதால் அங்கே சத்தம் போதவில்லை என்றால், பிக்கப்பைத் தந்தியை நோக்கி உயர்த்திச் சரிசெய்யலாம், காந்தத்தைக் கூட்ட வேண்டாம்.